பதினெட்டு அடி தள்ளி ஒரு வெள்ளைப் பட்டை

அதோ, நூறு மீட்டருக்கு அப்பால், முட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கித் தூக்கி நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பது அமலோற்பவம்தான். இங்கிருந்து முகம் தெரியவில்லை. முட்டி தெரிகிறது. அறுபத்திரண்டு வயதில் அந்த உயரத்துக்கு முட்டி போகிற பெண் இன்றைக்கு இந்த மைதானத்தில் வேறு யாரும் இல்லை, காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒவ்வொரு ஊர்க்காரியின் முட்டியும் பாதி வழி வந்து போதும் என்று இறங்கிவிடுகிறது, அமலத்தினுடையது மட்டும் மேலேயிருந்து யாரோ கயிறு கட்டி இழுப்பது போல வந்து, ஒரு கணம் நின்று, பிறகு மனசில்லாமல் கீழே வருகிறது. மூத்தோர் தடகளம், அறுபதைத் தாண்டிய பெண்கள், நாலு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் ரிலே. முதலில் கோமதி டீச்சர், பிறகு அமலம், பிறகு நான், கடைசியில் சுலைகா பீவி. அமலம் கொண்டுவரும் குச்சியை நான் வாங்க வேண்டும். என்னுடைய கோட்டுக்குப் பின்னால், அவள் வருகிற பக்கமாக, தரையில் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டியிருக்கிறேன். அவள் கால் அந்தப் பட்டைக்கு வரும் நொடியில் நான் கிளம்ப வேண்டும், கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவள் பின்னாலேயே எட்டி வந்து “இந்தா” என்பாள், நான் கையைப் பின்னால் நீட்டுவேன், முப்பது மீட்டர் கட்டத்துக்குள் குச்சி கை மாறியாக வேண்டும். பட்டை கிட்டத்தில் இருந்தால் என் முதுகில் வந்து முட்டுவாள். தள்ளி இருந்தால் எட்ட மாட்டாள். போன வருஷம் எட்டவில்லை.

போன வருஷம் பதினான்கு அடி. என் பாதத்தை ஒன்றன்முன் ஒன்றாக, குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி வைத்து அளந்த பதினான்கு அடி. அவள் பட்டையை மிதித்தாள், நான் கிளம்பினேன், பின்னால் அவள் காலடிச் சத்தம் நெருங்கி வந்து அப்படியே நின்றுவிட்டது, நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை, பத்து எட்டு போனேன், பன்னிரண்டு, இந்தா என்ற சொல் வரவில்லை, “நில்லுக்கா” என்றுதான் வந்தது, “நில்லுக்கா, நில்லு.” நின்றபோது நான் கட்டத்துக்கு வெளியே இருந்தேன். சிவப்புக் கொடி. அமலம் புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள், அதில் ஏதோ கல் இருக்கிறது போல உதறினாள். கல் ஒன்றும் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கோமதி டீச்சர் கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் மோசம், கோபமில்லாமல், “அமலம், உன் அடி குறுகிப் போச்சு. வயசானா எல்லாருக்கும் குறுகும். அடுத்த வருஷமும் இப்படின்னா வேற ஆளப் பாக்கணும்.” அமலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாடிப்பட்டி தாண்டித்தான் பேசினாள், என்னிடம் மட்டும், “வேற ஆளப் போடட்டும்க்கா. அடுத்த தடவையும் எட்டலன்னா நானே மைதானத்துப் பக்கம் வரமாட்டேன்.” அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் வராத மைதானத்தில் நான் யாரோடு பேசுவேன். எனக்குப் பேச்சு வராது, மில்லில் முப்பத்தோரு வருஷம் கோனில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தேன், அந்த இரைச்சலில் யாருக்கும் பேச்சு தேவைப்படவில்லை, சௌகரியமாக இருந்தது. என்னைப் பேச வைத்தவள் இவள்தான். முதல் நாளே, “என்னக்கா, உதடு அசையுது, சாமி கும்பிடுறியா” என்றாள். எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் எத்தனை எட்டில் நூறு மீட்டரை முடிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எழுபத்து நாலு.

எழுபத்து நாலு. இப்போது அறுபத்தாறு. இந்த எட்டு எட்டுகள் குறைந்ததைத்தான் ஒரு வருஷமாக என் கண்ணால் பார்த்தேன், யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்டால் சொல்லவும் தெரியாது. வேகமாகக் காலை மாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம், காலை மாற்றி மாற்றி மூச்சு வாங்கியதே தவிர இடம் நகரவில்லை. பிறகு அவள் காலை முன்னால் வீசினாள். எட்டு நீளமாக வேண்டுமென்றால் காலை நீட்டத்தானே வேண்டும், யாருக்கும் அப்படித்தான் தோன்றும். குதிகால் முன்னால் போய்த் தரையில் அடிக்கும், அடிக்கிற ஒவ்வொரு தடவையும் உடம்பு பின்னுக்கு இழுபடும், ஓடிக்கொண்டே பிரேக் போடுகிற மாதிரி. இரண்டே வாரத்தில் முழங்காலுக்குக் கீழ் எலும்பில் வலி. கோமதி டீச்சர் பார்த்துவிட்டு, “நீட்டாத, தள்ளு. தரையப் பின்னால தள்ளு, காலு தானா முன்னால வரும்” என்றார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓட்டம் சொல்லிக்கொடுத்தவர், சரியாகத்தான் சொன்னார். அமலத்துக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. தரையை எப்படித் தள்ளுவது, அது எங்கே போகும். புரட்டாசி முழுக்க அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் விடியற்காலை மைதானத்துக்குள் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். அவள் ஒரு ஹாஸ்டலில் சமையல்காரி, இருநூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் கொதிக்கும் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் தள்ளி நகர்த்திக்கொண்டு போயிருக்கிறாள், நகர்த்தும்போது தன் காலையே குனிந்து பார்த்திருக்கிறாள். “கால் எங்க இருந்துச்சு தெரியுமாக்கா? முன்னாடி இல்ல. பின்னாடி. பெருவெரல்ல ஊனி, முட்டி நீட்டி, இடுப்பு வரைக்கும் ஒரே கம்பு மாதிரி. முப்பது வருஷமா தள்ளிட்டுத்தான் இருந்திருக்கேன். மைதானத்துக்கு வந்தா மட்டும் மறந்து போச்சு.” அன்றைக்கு அவள் ஓடியபோது குதிகால் சத்தம் கேட்கவில்லை. முன்பாதம் மட்டும், உடம்புக்கு நேர் கீழே. எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெட்கமாக இருந்தது. எழுபத்து ரெண்டு என்று மட்டும் சொன்னேன்.

தரை சுடுகிறது. செயற்கைத் தரை, சிவப்பு ரப்பர், மூன்று மணி வெயிலில் தோசைக்கல் மாதிரி, பழைய டயர் வாசனை. எனக்கு வெறுங்கால்தான் வசதி, பெருவிரல் எலும்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, எந்த ஷூவும் அதைச் சகித்துக்கொள்வதில்லை. ஓடும்போது சுடாது, நிற்கும்போதுதான் சுடும். மஞ்சள் தொப்பி போட்ட அதிகாரி இன்னும் கோட்டுக்குள் வரச் சொல்லவில்லை, மறுபக்கம் ஏதோ ஒரு பாதையில் ஓட வேண்டியவள் இன்னும் வரவில்லையாம். அடுத்த பாதையில் கோயமுத்தூர் அம்மா, கறுப்புக் கண்ணாடி, கையில் தண்ணீர் பாட்டில், வந்ததிலிருந்து பேச்சு. “நீங்க எத்தன அடி வெச்சிருக்கீங்க?” பதினெட்டு என்றேன். “பதினெட்டுங்களா? நாங்க பன்னெண்டுங்க. அதுவே எங்களுக்கு ஜாஸ்தி. உங்க ஆளு அத்தன வேகமா வருவாங்களா?” வருவா என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவர் பின்னால் எட்டிப் பார்த்தார், அமலம் இப்போது குதிப்பதை விட்டுவிட்டுத் தொடையை உதறிக்கொண்டிருக்கிறாள், வலது, இடது, வலது. “அவங்களா? ஒசரமே இல்லீங்களே” என்றார் கோயமுத்தூர் அம்மா. உயரம் இல்லைதான். என் காதளவு வருவாள். பாதம் மட்டும் பெரியது, ஆம்பளப் பாதம் என்று அவளே சொல்லிக்கொள்வாள், கடையில் பொம்பளை அளவில் கிடைக்காது.

கொட்டாங்கச்சிகள். அவற்றை நினைத்தால் காதில் சத்தம் வருகிறது. ஹாஸ்டல் தேங்காய் அத்தனையின் ஓட்டையும் அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவாள், நான் வரிசையாகக் கவிழ்த்து வைப்பேன், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஓர் எட்டு மட்டும் விழ வேண்டும், நான் என் பாதத்தால் அளந்து வைப்பேன், அதுதான் எங்கள் இருவருக்கும் உள்ள ஒரே அளவு. வாரம் ஒரு முறை இரண்டு விரல் தள்ளி வைப்பேன். எட்டாத இடத்தில் ஓடு அவள் காலுக்குக் கீழே நொறுங்கும். முதல் மாசம் மைதானமே நொறுங்குகிற சத்தமாக இருந்தது, நடைப்பயிற்சிக்கு வரும் பென்ஷன்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர், “என்னம்மா, திருஷ்டி கழிக்கிறீங்களா” என்றார். அமலம் மூச்சு வாங்கிக்கொண்டே, “ஆமா சார், உங்களுக்குந்தான், இப்பிடி வந்து நில்லுங்க” என்றாள். பிறகு சத்தம் குறைந்தது. ஒரு காலையில் ஓர் ஓடுகூட உடையவில்லை, இருபது ஓட்டுக்கும் நடுவே அவள் பாதம் ஒவ்வொன்றாக இறங்கியது, கோலப்புள்ளிக்கு நடுவே விரல் இறங்குவது போல, நான் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவ்வளவு அமைதியை மில்லில் மின்சாரம் போனபோதுகூடக் கேட்டதில்லை. மறுநாள் நான் இரண்டு விரல் தள்ளி வைத்தேன், மறுபடி நொறுங்கியது, அவள் என்னைத் திட்டவில்லை, “வையி, வையி” என்றாள். தாவிப் போகிற பயிற்சி ஒன்று, ஒரு காலில் உந்தி அந்தரத்தில் இருந்து மறு காலில் இறங்கி மறுபடி உந்துவது, அதை முதல் நாள் செய்தபோது அவள் முகம் பயத்தில் வெளுத்ததைப் பார்த்தேன். அந்தரத்தில் இருக்கிற அந்தக் கணம்தான் பயம். எங்கள் தெருவில் ராஜாமணி குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு போய் நான்கு மாசம் கட்டிலில் கிடந்து அப்படியே போனாள், எங்களுக்கெல்லாம் அதுதான் கண்ணில் நிற்கிறது, என் மகனுக்கும் அதுதான், “எதுக்கும்மா இந்த வயசுல” என்று போனில் கேட்கும்போதெல்லாம் அவன் ராஜாமணியைத்தான் சொல்கிறான். அமலம் தாவினாள். மாரில் சிலுவை போட்டுக்கொண்டு தாவினாள். கடைசியில் சிலுவை போட மறந்து தாவினாள்.

அப்புறம் அவள் மாதாகோவிலில் நடந்த கதை. தொடையின் முன்பக்கம் இறுகிக் கிடந்தால் கால் பின்னால் போகாது, அதை இளக்க வேண்டும், ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி இடுப்பை முன்னால் தள்ளி நிற்க வேண்டும், தினமும், நிறைய நேரம். அவளுக்கு நேரம் எங்கே. செபமாலை சொல்கிற நேரத்தில் செய்துவிட்டாள். பாதி மணிகளுக்கு வலது முட்டி, மீதிக்கு இடது. சாமியார் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, பாவம், இரண்டு முட்டியும் போட முடியவில்லை என்று தாமே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார். “உட்காரும்மா, கடவுள் கோச்சுக்க மாட்டார்.” இதை அவள் சொல்லும்போது நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தாயா என்று கேட்டேன். “உக்காந்தேன். அவர் மனசு நோகக் கூடாதுல்ல. அவர் போனதும் எறங்கிட்டேன்.” அப்படித்தான் ஒவ்வொரு விரற்கடையும் சேர்ந்தது. யாரும் கொடுத்ததில்லை. வயது ஒரு பக்கம் இழுக்க, இவள் ஒரு பக்கம் இழுத்து நீட்டிய நீளம். அதனால்தான் நேற்று ராத்திரி தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்தில் அவள் என்னிடம் வந்து, “பதினெட்டு வைக்கா” என்றபோது என்னால் முடியாதென்று சொல்ல முடியவில்லை. பதினாறு வைப்போம் என்றேன், பயிற்சியில் பதினாறில் நன்றாக வாங்கினோம். “பதினாறுல நீ நிக்கிற.” இல்லடி என்றேன். “நிக்கிறக்கா. நான் பட்டைய மிதிச்சதும் அரை மூச்சு நின்னுட்டுத்தான் கிளம்புற. சோறு நெசமாவே போதும்னு சொல்ற பிள்ள எது, போதாமலே போதும்னு சொல்ற பிள்ள எதுன்னு எனக்குத் தெரியாதா. நீ எனக்காக நிக்கிறன்னா, நான் எட்டமாட்டேன்னு நினைக்கிறன்னு அர்த்தம். பதினெட்டு வையி. என்னப் பாக்காத, பட்டையப் பாரு.” நின்றது உண்மைதான். பாவம் என்று நின்றேன். பாவம் என்ற சொல்லை அவள் எவ்வளவு வெறுக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

“உள்ள வாங்க, எல்லாரும் கோட்டுக்குள்ள வாங்க, இனி பாதையை விட்டு வெளிய போகக் கூடாது.” மஞ்சள் தொப்பி. போகிறேன். ஷூவைக் கழற்ற வேண்டும். வலது காலை உதறினேன், ஷூ பறந்து புல்லில் விழுந்தது, இடது காலை உதறினேன், அதுவும் போனது. கோயமுத்தூர் அம்மா சிரித்தார். “உங்க ஷூ உங்களுக்கு ரெண்டு நம்பர் பெருசுங்க போல, உதறினாலே போகுது.” என் ஷூ இல்லீங்க, அவளோடது, தரை சுடுதுன்னு குடுத்தா, என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அவளோடது. அரை மணி முன்னால் பட்டை ஒட்டச் சொன்னார்கள், சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டினார்கள், கால் வெந்துவிடும் போல இருந்தது, அமலம் ஓட்டத்துக்கான முள் ஷூவை மாட்டிக்கொண்டு தன் கித்தான் ஷூவை என் பக்கம் தள்ளிவிட்டாள், “சுடுதுக்கா, இதப் போட்டுக்க”, போட்டுக்கொண்டேன், போட்டுக்கொண்டே அளந்தேன். குதிகாலும் பெருவிரலும் ஒட்டி, ஒன்று, இரண்டு, உதடு அசைய, பதினெட்டு வரைக்கும். என் பாதம் இல்லை அது. அமலத்தின் ஆம்பளப் பாதம். ஒவ்வோர் அடிக்கும் ஒன்றரை விரற்கடை அதிகம், ஷூ முனை வேறு, பதினெட்டுக்கும் சேர்த்தால் என் கணக்கில் இருபத்தொன்றுக்கு மேல். ஓட்டுகளை இரண்டிரண்டு விரலாக நகர்த்தியவள் நான். ஒரே தாவலில் மூன்றடியைத் தள்ளி வைத்துவிட்டு நிற்கிறேன். பட்டை அங்கே இருக்கிறது, வெள்ளையாக, நேராக, ஓரம் மடங்காமல். இவ்வளவு ஒழுங்காக ஒட்டியிருக்கிறேன்.

சொல்ல வேண்டும். கையைத் தூக்கினால் மஞ்சள் தொப்பி வருவார், ஒரு நிமிஷம் சார், தப்பாக ஒட்டிவிட்டேன் என்று சொன்னால் போதும், எட்டுப் பாதைக்காரிகளும் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் என்ன, பார்க்கட்டும். கையைத் தூக்கினேன். முழுக்கத் தூக்கவில்லை, தோள் வரைக்கும் போய் அங்கேயே நின்றது, என் கை எப்போதும் அங்கேதான் நிற்கும், பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றதும் இந்தக் கைதான். “ரெடியாம்மா?” என்றார் அவர். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, யாராவது கேள்வி கேட்டால் ஆடுகிற தலை. அவர் தூரத்தில் இருந்தவர்களுக்கு வெள்ளைக் கொடியைத் தூக்கிக் காட்டினார், எல்லாரும் தயார். மைதானம் அமைதியானது. எதிர்ப்பக்கம் கோமதி டீச்சர் குனிந்தார், வெள்ளை முடி பளிச்சென்று. துப்பாக்கிப் புகை தெரிந்தது, பிறகுதான் சத்தம் வந்தது.

டீச்சர் ஓடுகிறார். வளைவில் நேர்த்தியாக, கோட்டை மிதிக்காமல், எப்போதும் போல. அவர் அமலத்திடம் போய்ச் சேர இருபது நொடி ஆகும். அதற்குள் நான் முடிவு செய்ய வேண்டும். அரை மூச்சு நின்றால் போதும். பட்டையை மிதித்ததும் உடனே கிளம்பாமல், ஒரு மூச்சு, முழு மூச்சு நின்று கிளம்பினால் அந்த மூன்றடி சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். அரை மூச்சையே கண்டுபிடித்தவள். ஆனால் இது வேறு, இது பாவம் பார்த்து நிற்பதில்லை, கணக்குப் பார்த்து நிற்பது, தப்பு என்னுடையது, என் தப்பை நான் சரி செய்கிறேன், அவ்வளவுதான். அவள் காதில் அது எப்படி விழும்? பதினெட்டு வைக்கச் சொன்னாள், பதினெட்டு என்று சொன்னேன், பட்டையைப் பார்த்து ஓடி வருவாள், பட்டையை மிதிப்பாள், நான் நின்றுகொண்டிருப்பேன். கடைசி வரைக்கும் இவள் என்னை நம்பவில்லை என்றுதான் விழும். கிளம்பினால்? கிளம்பினால் இருபத்தொரு அடி. போன வருஷம் பதினான்கே எட்டாத கால். நில்லுக்கா. அந்தச் சத்தம் என் காதில் ஒரு வருஷமாக இருக்கிறது, மறுபடி ஒரு தடவை அது வந்தால் அவள் ஷூவைக் கழற்றுவாள், உதறுவாள், இந்தத் தடவை மாட்ட மாட்டாள். அந்த ஷூ இதோ புல்லில் கிடக்கிறது, ஒன்று குப்புற, ஒன்று நேராக, நேராகக் கிடப்பதன் உள்ளே அவள் பாதத்தின் அச்சு கறுப்பாகத் தேய்ந்து தெரிகிறது, ஐந்து விரலும் தனித்தனியாக, பெருவிரல் இருந்த இடம் ஆழமாக, பள்ளமாக. குதிகால் இருந்த இடம் தேயவே இல்லை.

தேயவே இல்லை. போன வருஷத்து ஷூவில் குதிகால் பக்கம்தான் முதலில் ஓட்டை விழுந்தது. இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், அதற்குள் அங்கே ஏதோ கை மாறிவிட்டது, அமலம் கிளம்பிவிட்டாள். குச்சி அவள் கையில், மஞ்சள் நிறம். எட்டுப் பேர் ஒன்றாகக் கிளம்பி வருகிறார்கள், வண்ண வண்ணமாக, மற்றவர்கள் தலை மேலும் கீழும் ஆடுகிறது, அவள் தலை ஆடவில்லை. அதுதான் முதலில் தெரிகிறது. தண்ணீர் நிறைந்த குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவள் தலை மாதிரி ஒரே மட்டத்தில் வருகிறது, கீழே கால்கள் வேறு யாருடையதோ போல வேலை செய்கின்றன. முட்டி வருகிறது, நிற்கிறது, இறங்குகிறது. அவசரமே இல்லை. பக்கத்துப் பாதையில் வருகிறவள் இரண்டு எட்டு வைக்கும் நேரத்தில் இவளும் இரண்டு எட்டுத்தான் வைக்கிறாள், ஆனால் இவள் முன்னால் வந்துகொண்டே இருக்கிறாள், எனக்கு அது புரிந்தும் புரியாமல் இருக்கிறது, ஒவ்வோர் எட்டிலும் பாதம் தரையை விட்டுக் கிளம்பிய பிறகும் ஒரு துளி நேரம் எங்கேயும் படாமல் இருக்கிறாள், அந்தத் துளி நேரத்தில்தான் அவள் நகர்கிறாள், பயந்து வெளுத்த அதே அந்தரத்தில். எண்ணத் தொடங்கிவிட்டேன், எப்போது தொடங்கினேன் என்று தெரியவில்லை, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, பாதித் தூரம் தாண்டிவிட்டாள், கணக்கு இடிக்கிறது, இதற்குள் முப்பத்து மூன்றாவது ஆகியிருக்க வேண்டும். என்றைக்கும் இவ்வளவு குறைவாக எண்ணியதில்லை. நான் தப்பாக எண்ணுகிறவள் இல்லை. ஷூவை வைத்து அளந்தேன், அது தப்பு, எண்ணியது தப்பில்லை. அவள் பாதத்தால் அளந்த பதினெட்டு. அவள் கேட்டதும் பதினெட்டுத்தான். யார் பாதத்தால் என்று அவள் சொல்லவில்லை. என் பாதம்தான் அளவு என்று நாங்கள் எப்போது முடிவு செய்தோம், நான்தான் முடிவு செய்தேன், அவள் பாட்டுக்கு ஓட்டுக்கு நடுவே ஓடினாள். ஐம்பத்தெட்டு. முகம் தெரிகிறது இப்போது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கன்னம் தொளதொளவென்று ஆடுகிறது, கண் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறது, அந்தப் பட்டையைத் தேடுகிறது. பதினெட்டு என்று நம்பித் தேடுகிறாள். என்னப் பாக்காத. சரி. பார்க்கவில்லை. பட்டையைப் பார்க்கிறேன். வெள்ளையாக, நேராக. அதன் மேல் ஒரு நிழல் விழுகிறது, ஒரு கறுப்பு ஷூவின் முனை விழுகிறது. மூச்சு வந்தது. அந்த மூச்சுக்காக நான் நிற்கவில்லை.

கிளம்பிவிட்டேன். உள்ளங்கால் சுடவில்லை. முன்னால் வளைவு, சிவப்பு, இரண்டு வெள்ளைக் கோடு. ஒன்று, இரண்டு, மூன்று, கையை வீசு, தலையைத் திருப்பாதே, என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாகக் கிளம்பியதில்லை, அதுவும் இன்றைக்கா, ஏழு, எட்டு, பின்னால் காலடி கேட்கிறதா, கேட்கவில்லை, என் மூச்சுதான் கேட்கிறது, முள் ஷூ ரப்பரில் இறங்கும் சத்தம் கிழிந்த துணி மாதிரி இருக்கும், அது எங்கே, பத்து, கட்டத்தின் கடைசிக் கோடு தெரிகிறது, மஞ்சளாக ஒரு முக்கோணம் போட்டிருக்கிறார்கள், பதினொன்று, கேட்கிறது. கேட்கிறது. டர்ர், டர்ர், அடிக்கும் அடிக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி, நின்றுவிட்டாளோ என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும் அளவுக்கு இடைவெளி, மறுபடி டர்ர், முன்னைவிடக் கிட்டே. இதே இடத்தில்தான் போன வருஷம் சத்தம் நெருங்காமல் நின்றது. இப்போது நிற்கவில்லை. பதிமூன்று. கோடு வருகிறது. நில்லுக்கா என்று வரப்போகிறது, காது கூசுகிறது, வரட்டும், நிற்க மாட்டேன், பதினான்கு.

“இந்தா.”

கையைப் பின்னால் நீட்டினேனா, அதுவே போனதா தெரியவில்லை. உள்ளங்கையில் குச்சி வந்து உட்கார்ந்தது, கரண்டிக் காம்பைக் கையில் கொடுப்பது போல, அழுத்தி, பிடித்துக்கொண்டாயா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு விடுகிற கை. வியர்வையில் ஈரமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் மஞ்சள் முக்கோணம் என் காலுக்குக் கீழே போனது, ஓர் எட்டு, ஒன்றே ஓர் எட்டு மிச்சம் வைத்து வந்து சேர்ந்திருக்கிறாள். அவளுடைய எட்டாகத்தான் இருக்கும், என்னுடையது அவ்வளவு நீளம் இல்லை. யாரும் கொடி தூக்கவில்லை. வளைவு தொடங்குகிறது, கோயமுத்தூர் அம்மாவின் கண்ணாடி பக்கவாட்டில் வந்து பின்னால் போகிறது, தூரத்தில் சுலைகா பீவி முக்காட்டை இறுக்கிக்கொண்டு குனிந்து நிற்கிறாள், என் உதடு அசைகிறது, பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

“எண்ணாதக்கா,” என்றது பின்னால் ஒரு குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. “ஓடு.”